கோர்வை பிரியாத வேலை



காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு, சேலையின் உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வையை நான் விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா, இரண்டு பேர். சேலை நைந்து கிழிந்தாலும் கரை பிரியக் கூடாது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியவரின் பெயரைச் சேலை கட்டுபவர் கேட்பதில்லை. அப்படி ஓர் எதிர்ப்பக்கத்து மனிதரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அவர் என். கோபாலசாமி ஐயங்கார்.

1882இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியர். 1905இல் துணை கலெக்டர். ஐ.சி.எஸ். என்ற பெரிய வாசல் வழியாக அவர் நுழையவில்லை. மாகாணப் பணியில் தொடங்கிக் கலெக்டரானார். 1920களில் நகராட்சிகளையும் உள்ளாட்சி வாரியங்களையும் கண்காணித்தார். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் மகாராஜாவின் பிரதம மந்திரி. பலர் சிறைக்குப் போன காலத்தில் அவர் வெள்ளைக்கார அரசின் பட்டங்களைப் பெற்றார். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் விடுதலை வந்தபோது, அரசியல் சட்ட வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவராக அவரும் இருந்தார். ஆளத் தெரிந்தவர்களுக்கு எழுதத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

விடுதலைக்குப் பின் ரயில்வே மந்திரியாக அவர் செய்தது நம் ஊருக்கு நெருக்கமானது. காஞ்சிபுரம் தென்னிந்திய ரயில்வேயின் பாதையில் இருந்தது. அரக்கோணம் போனால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. அங்கே நிர்வாகமும் வேறு, தண்டவாளத்தின் அகலமும் வேறு. 1951 ஏப்ரல் 14 அன்று இவ்விரண்டும் மைசூர் ரயில்வேயும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. தண்டவாளத்தின் அகலம் அன்றே மாறிவிடவில்லை; நிர்வாகம் ஒன்றாயிற்று. பின்னர் சில பகுதிகள் வேறு மண்டலங்களுக்குப் போனாலும், நம் ஊர்ப் பக்கத்தில் அந்தக் கோர்வை இன்றும் பிரியவில்லை.

அவர் கோத்த எல்லாமே நின்றதா? இல்லை. 1949 அக்டோபர் 17 அன்று காஷ்மீருக்கான பிரிவை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அவரே. 370 என்ற எண்ணில் நீங்கள் படித்த அந்தப் பிரிவின் சிறப்பு உரிமைகள் 2019இல் நீக்கப்பட்டன. அது சரியா தவறா என்பது வேறு மேடைக்குரிய வாதம். எழுபது ஆண்டு கழித்தும் தன் கையெழுத்து கேள்வி கேட்கப்படும் என்பதை ஓர் அதிகாரி அறிந்திருக்க வேண்டும். அதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

1953 பிப்ரவரியில், பாதுகாப்பு மந்திரியாக இருக்கும்போதே அவர் காலமானார். தலைவர்களின் வரிசையில் அவர் பெயரை உடனே சொல்பவர் குறைவு.

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் சிலர் தேர்வு எழுதிக் கிராம நிர்வாக அலுவலராவீர்கள். சிலர் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உட்காருவீர்கள். மேடையும் மாலையும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கோப்பு கட்டாயம் வரும். சேலையை மடிக்கும் முன் உங்கள் அப்பா கரையை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாரே, அப்படி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.