குற்றாலத்துல தொப்பையை யார் மறைக்கிறாங்க?

இந்த எபிசோடை சுந்தரபாண்டியபுரத்துல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். தென்காசி பக்கத்துல, சூரியகாந்தி வயலுக்கும் 'ரோஜா' படத்துக்கும் பேர் போன ஊர். சாரல் சீசன், மைக்ல காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இன்னைக்கு டாபிக்: நம்ம உடம்பை நாமளே எப்படிப் பார்க்கிறோம், அதுல ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம், வயசு ஏற ஏற அது எப்படி மாறுது?

குற்றாலம் பேரருவிக்குப் போய்ப் பாருங்க. ஆண்கள் பக்கம் இடுப்புல ஒரு துண்டு, அவ்வளவுதான். தொப்பை முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவார். யாரும் எதையும் மறைக்கிறதில்லை. பெண்கள் பக்கம் சுடிதார், நைட்டி, சேலைன்னு முழு உடுப்போட குளியல். வெளியே வந்ததும் முதல் வேலை, ஈரத்துணி மேல துண்டைப் போர்த்திக்கிறது.

உடம்பு அவ்வளவு வித்தியாசமா இருக்கா? இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள 100 பெண்கள்ல சுமார் 40 பேரும், 100 ஆண்கள்ல சுமார் 37 பேரும் அதிக எடை. எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான், கூச்சம்தான் வேற. "அது கூச்சம் இல்லப்பா, பாதுகாப்பு"ன்னு சிலர் சொல்லலாம். சரிதான். ஆனா சின்ன வயசுல இருந்து 'யாரோ பார்க்கிறாங்க'ன்னு பழகினவங்க, ஒரு கட்டத்துல அந்தப் பார்வையாலயே தன்னையும் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. 1997-ல ஃப்ரெட்ரிக்சன், ராபர்ட்ஸ்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் முன்வைச்ச கோட்பாட்டோட சாரமே இதுதான். நம்ம பாஷைல சொன்னா, பெண்களுக்கு உடம்புன்னா ஃப்ரன்ட்-எண்ட், ஆண்களுக்கு பேக்-எண்ட். வேலை செஞ்சா போதும், டிசைன் பத்திக் கவலை இல்லை.

1985-ல ஃபாலன், ரோசின்னு ரெண்டு பேர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்கிட்ட ஒல்லில இருந்து குண்டு வரைக்கும் வரிசையா உருவப்படங்களைக் காட்டினாங்க. "நீ இப்ப எது? எதுவா இருக்க ஆசை?" ஆண்கள் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே படத்தைக் காட்டினாங்க. பெண்கள் ஆசைப்பட்டது இப்ப இருக்கிறதை விட ஒல்லியான படம். அதோட, ஆண்களுக்கு எவ்வளவு ஒல்லியா இருந்தா பிடிக்கும்னு பெண்கள் நினைச்சாங்களோ, ஆண்கள் நிஜமா அவ்வளவு ஒல்லியைக் கேட்கவே இல்லை. இல்லாத ஒரு ரெக்வயர்மென்ட்டுக்காகப் பட்டினி!

சரி, வயசானா? இங்கதான் ஒரு ஆச்சரியம். 2004-ல ஆஸ்திரேலிய உளவியலாளர் மரிகா டிகெமன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. பெண்களோட அதிருப்தி இருபதுல இருந்து ரொம்ப முதுமை வரைக்கும் பெருசா குறையலை. ஆனா தோற்றத்துக்கு அவங்க குடுக்கிற முக்கியத்துவம் வயசோட குறைஞ்சுக்கிட்டே வருது. அருவியில ஆச்சிமாரைப் பார்த்தா புரியும். குறை அப்படியே இருக்கு, அதுக்காக அவங்க நின்னுக்கிட்டு இல்லை, தண்ணிக்குள்ள போயிட்டாங்க.

ஆம்பளைங்க தப்பிச்சாங்களான்னா, இப்ப இல்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல வந்துச்சு. ஆண்களுக்குன்னு ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் 2005-ல. மூணு வருஷத்துல, 'வாரணம் ஆயிரம்' சூர்யாவோட சிக்ஸ் பேக். ஜிம்ல எவ்வளவு ஏத்தினாலும் தான் நோஞ்சானாவே தெரியுற மனநிலைக்கு 1997-லயே மருத்துவத்துல 'மசில் டிஸ்மார்ஃபியா'ன்னு பேர் வெச்சாச்சு. அதுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டா இதயமும் கல்லீரலும் அடிவாங்கும், விந்தணு குறையும். பொண்ணு தோழிகிட்ட "குண்டாயிட்டேன்டி"ன்னாவது புலம்பிடுவா. பையன் முடி கொட்டுறதைக் கூட காமெடியாத்தான் சொல்வான். அப்பாக்களுக்கு அடி இன்னும் தாமதமா விழும். வேலை செய்யுறதுதான் உடம்போட மதிப்புன்னு வாழ்ந்தவருக்கு, மூட்டு தேய்ஞ்சு மாடிப்படி ஏற முடியாதப்ப, தானே தேய்ஞ்சு போன மாதிரி இருக்கும். அதை யார்கிட்டயும் சொல்லவும் மாட்டார்.

இதெல்லாம் இயற்கையா? இந்த ஊர் வயலுக்கே வாங்க. சூரியகாந்தி நடுவுல செல்ஃபி எடுக்கிற பொண்ணு "கை குண்டா தெரியுது, இன்னொண்ணு எடு"ங்கிறா. நாலு வரப்பு தள்ளி, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு அக்கா களை எடுக்கிறாங்க. இந்த நேரத்துல அவங்க உடம்புக்கு ஒரே கேள்விதான்: பொழுது சாயுற வரைக்கும் இடுப்பு தாங்குமா? வேலைதான் கண்ணாடியை மாத்துது, பிறப்பு இல்லை. மாறக்கூடியதுன்னா நாமளும் மாத்தலாம்.

ஏன் மாத்தணும்னா, இது வெறும் அழகு மேட்டர் இல்லை. உடம்பைக் காட்டக் கூச்சப்பட்டு மார்புக் கட்டியை மாசக்கணக்கா மறைக்கிற அம்மா உண்டு. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னு சுகர் டெஸ்ட்டே எடுக்காத அப்பா உண்டு. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட லேட்டாத்தான் போவாங்க.

அதனால இந்த வாரம் ரெண்டு விஷயம். ஊருக்குப் போனா தங்கச்சியைப் பார்த்ததும் "என்ன வெயிட் போட்டுட்ட?"ன்னு ஆரம்பிக்காதீங்க. அப்பாகிட்ட "முழங்கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டு, அவர் பதில் சொல்ற வரைக்கும் கொஞ்சம் காத்திருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!