காது வடிந்த பிள்ளை

(ஆதரவாளர் கூட்டத்தில் குழந்தைகள் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



வருடாவருடம் இந்தக் கூட்டத்தில் எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன் என்று கணக்குச் சொல்வது எங்கள் வழக்கம். இம்முறை கணக்கை அச்சிட்ட தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவனுடைய நோயை நாங்கள் நான்கு மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தோம் என்பதால், சொல்லச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது.

மூன்று வயதுப் பையன். வலது காது வடிகிறது என்று தாயார் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் காது வடியும் பிள்ளை இல்லாத நாளே கிடையாது. சொட்டு மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து அனுப்பினோம். மறுபடியும் வந்தார்கள், மருந்தை மாற்றினோம். மூன்றாம் முறை வந்தபோது தலையில் மஞ்சள் நிறத்தில் செதில் செதிலாகப் படிந்திருந்ததைப் பொடுகு என்று எழுதிவைத்தோம். பாட்டியம்மா வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தார். நாங்கள் ஷாம்பு எழுதிக் கொடுத்தோம். இரண்டுக்கும் அது அசையவில்லை.

கைக்குழந்தைக்குத் தலையில் அப்படிச் செதில் படிவது சாதாரணம்தான். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் மாறிவிடும். மூன்று வயதில், அதுவும் காது வடிதலோடு சேர்ந்து வந்தால் நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருந்த செம்பழுப்புப் புள்ளிகளும் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

நான்காம் முறை அந்தத் தாயார் காதைப் பற்றிப் பேசவே இல்லை. "டாக்டரம்மா, காது கிடக்கட்டும். இவன் தண்ணி குடிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி எந்திரிச்சுப் பானையில மொண்டு மொண்டு குடிக்கிறான். பாயெல்லாம் நனைச்சிடுறான். அவங்க அப்பா பானையத் தூக்கி மேல வெச்சாரு, அதுக்கு அழுது தீத்துட்டான்" என்றார்.

சர்க்கரை நோயோ என்று சிறுநீரைப் பார்த்தோம். சர்க்கரை இல்லை. வெறும் தண்ணீர் போலத் தெளிந்து, அடர்த்தியே இல்லாமல் இருந்தது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன்தான், உடம்பு நீரைச் சேமிக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. அது நின்றுபோனால் குடித்த தண்ணீர் அப்படியே வெளியேறும். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பானையை மறைப்பது ஆபத்து. ஒரே இரவில் உடம்பு வறண்டுபோகக்கூடும். அந்த அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை, பாய் நனைக்கும் பிள்ளைக்கு எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

காது, தோல், தாகம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபிறகுதான் எங்களுக்குப் பொறி தட்டியது. தலையைத் தடவிப் பார்த்தபோது ஓரிடத்தில் விரல் மெத்தென்று உள்ளே போயிற்று. எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் இரண்டு வட்டமான ஓட்டைகள், உளி வைத்துக் குத்தியெடுத்தது போல் தெரிந்தன. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பும் அரிக்கப்பட்டிருந்தது. சீழ் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

எலும்பில் ஓட்டை என்றால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். எலும்பைப் பிடித்த இந்த நோய்க்குப் பல மாதம் காசநோய் மருந்து தின்ற பிள்ளைகளும் உண்டு. சதைத் துண்டு எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று உறவினர்கள் பயந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. கடைசியில் தாயார்தான் கையெழுத்துப் போட்டார்.

மைக்ராஸ்கோப்பில் காப்பிக்கொட்டை போல நடுவில் வரி விழுந்த கருவுடைய செல்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. ஆனால் பார்வைக்கு அப்படியிருந்தால் மட்டும் போதாது. மெழுகில் பதித்த துண்டைப் பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, சிடி1ஏ, லாங்கரின் என்ற இரண்டு சாயச் சோதனைகள் செய்து வாங்கினோம். இரண்டும் பாஸிட்டிவ். நோயின் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 அல்லது 5 பேருக்கு வருகிறது.

பெயரைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் 21 வயது மருத்துவ மாணவராயிருந்தபோது, 1868-ல், தோலில் கிளைவிட்ட சில செல்களைக் கண்டு, அவை நரம்பு என்று எண்ணினார். அவை கிருமிகளைக் காட்டிக்கொடுக்கும் காவற்காரர்கள் என்று தெரியவே நூறாண்டு பிடித்தது. இந்த நோயின் செல்கள் அவற்றைப் போலிருப்பதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நோய் செல்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில் என்று இப்போது சொல்கிறார்கள். 1953-ல் லிக்டன்ஸ்டீன் என்ற மருத்துவர், தனித்தனி நோய்களாக எண்ணப்பட்ட மூன்றை ஒன்றாகச் சேர்த்து, காரணம் தெரியாததால் 'எக்ஸ்' என்ற எழுத்தை வைத்தார். 2010-ல்தான், பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளின் நோய் செல்களில் பிராஃப் என்னும் ஒரே மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது.

பெற்றோர் கேட்டது, "இது கேன்சரா?" என்றுதான். நேராகப் பதில் சொல்வது கடினம். அந்த மரபணுப் பிழையைப் பார்த்தால் உறவு இருக்கிறது. ஆனால் ஒரே எலும்பில் மட்டும் வந்தால் சுரண்டி எடுத்ததோடு ஆறிவிடுவதும், சில வேளை தானாகவே மறைவதும் உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பெற்றோர் செய்த எதனாலும் வந்ததில்லை. இதை அந்தத் தாயாரிடம் மூன்று முறை சொன்னோம்.

நாங்கள் மிகவும் பயந்தது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை இவற்றைப் பற்றித்தான். இவை பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. வயிற்று ஸ்கேனும் இரத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தன. நகரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரியின் காம்பு தடித்திருந்தது.

சிகிச்சை வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசோலோன் மாத்திரையும். முதலில் வாராவாரம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு மாதம். ஆறு மாதத்தில் நிறுத்தினால் நோய் திரும்புவது அதிகம் என்று பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2013-ல் வெளியானது. விலையுயர்ந்த மருந்துகள் அல்ல இவை. விடியற்காலை பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, ஒவ்வொரு முறையும் வந்து சேர்வதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பாரமாயிருந்தது. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அவர்களுடைய பஸ் கட்டணமாகப் போயிற்று.

ஓராண்டு முடிந்தது. தோல் சுத்தமாயிற்று, காது உலர்ந்தது, மண்டையோட்டு ஓட்டைகளில் எலும்பு வளர்ந்து மூடிவருகிறது. தாகம் மட்டும் போகவில்லை. சுரப்பி ஒருமுறை கெட்டால் திரும்புவது அபூர்வம். டெஸ்மோபிரஸ்ஸின் என்ற மருந்தை அவன் ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கலாம். முதல் முறை வந்தபோதே கண்டுபிடித்திருந்தால் அது தப்பியிருக்குமா என்று தாயார் கேட்டார். தப்பியிருக்கலாம் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் காதுக்கு இரண்டாம் முறை வரும் பிள்ளையின் சட்டையைக் கழற்றுகிறோம், தலையைத் தடவுகிறோம், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்கிறோம். அந்தச் சுரப்பியால் வளர்ச்சியும் குன்றக்கூடும் என்பதால், அவன் வரும்போதெல்லாம் கதவு நிலையருகே நிறுத்தி, உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைக்கிறோம். போன முறை தானே செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் கூப்பிடுமுன் போய் நின்றுகொண்டான்.