தோட்டப் பெண்களின் படைத்தலைவி



படைக்குத் தலைமை தாங்குபவருக்குப் பெருமை எதனால் வருகிறது? தோளில் தரிக்கும் பட்டையாலா, தம்மை நம்பி நடப்பவரோடு சேர்ந்து நடப்பதாலா? நம் கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

1925இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் கோலாலம்பூரில் பேசியபோது, தம் பொன் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர் ஜான்சி ராணி படையில் சேர விரும்பினார். தந்தையார் இசையவில்லை. படைத்தலைவி டாக்டர் லட்சுமி வீடு தேடி வந்து பேசிய பின்னரே கையெழுத்திட்டார்.

படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அங்கு வந்தவர்களில் மிகப் பலர் தோட்டப்புறப் பெண்கள். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டன. வசதியாக வளர்ந்த ஜானகியும் அவர்கள் உண்ட உணவையே உண்டார்; அவர்களோடு பயிற்சி செய்தார்.

பெண்களால் போர் செய்ய முடியுமா என்று ஜப்பானியர் ஐயுற்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கறுப்பின வீரர்களைப் பற்றியும் பலர் இப்படித்தான் ஐயுற்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வெள்ளையரான ராபர்ட் கூல்ட் ஷா, 1863இல் அவர்களோடு போரிட்டு மாண்டு, அவர்களோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்.

ஜானகி, பதின்ம வயதிலேயே பர்மாவில் தலைமைப் பொறுப்பேற்றார். அங்கே பெண்கள் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தனர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் மறைந்து இரவில் நடந்தனர். ஜானகியும் நடந்தார். நேதாஜியும் அவர்களோடு நடந்தார்.

நாடு திரும்பிய ஜானகி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். இந்திய அரசு 2000இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் அவர் மறைந்தார்.

தலைவியின் பெயர் ஏட்டில் நிற்கிறது. ஆனால், உடன் நடந்த தோட்டப் பெண்களில் பலரது பெயர் எங்கும் எழுதப்படவில்லை. போர் முடிந்ததும் அவர்களில் பலர் பழையபடி பால்மரத்துக்கே திரும்பினர்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ இருந்திருக்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?