முரசினுள் நிற்கும் காவலர்



பல் விழுவதற்குச் சூத்தை ஒன்றே காரணம் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயின், சூத்தை சிறிதுமில்லாத வெண்பற்கள் ஆடி ஆடி விழுவதையும் காண்கின்றோமன்றோ? அங்கே கெட்டது பல்லன்று. பல்லைத் தாங்கும் முரசும், அதன் கீழுள்ள என்பும், வேரை அவ்வென்போடு பிணைக்கும் நார்களுமே.

பல்லுக்கும் முரசுக்கும் இடையே மெல்லிய இடுக்கு ஒன்றுண்டு. கோட்டைச் சுவரின் வெடிப்புப் போன்ற அவ்விடத்தில் நுண்ணங்கிகள் கோடிக்கணக்கிற் குடியேறுகின்றன. ஆதலால், நோயற்ற முரசிலுங்கூட வெண்குழியங்கள் இரத்தக் குழாய்களினின்று வெளிப்பட்டு, இரவு பகலாக அவ்விடுக்கில் வந்து காவல் நிற்கின்றன. பகையை விழுங்கி அழிக்கின்றன. குழியங்கள் இவ்வாறு விழுங்கிக் காக்கும் உண்மையை 1882ஆம் ஆண்டில், இத்தாலியின் மெசீனா நகரில், நட்சத்திரமீன் குடம்பியினுள் முள்ளைச் செலுத்திப் பார்த்து உணர்ந்தவர் மெச்னிக்கோவ் என்னும் ருசிய அறிஞர். 1908இல் நோபெற் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். பிறவியிலேயே இக்காவற் குழியங்கள் மிகக் குன்றிய குழந்தைகள் பாற்பற்களையுங் காலத்துக்கு முன்னரே இழப்பதுண்டு. காவலின் அருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், காவலரே வீட்டை இடிப்பதும் உண்டு. பல்லின்மேற் படியும் அழுக்குப் படலம் நீங்காதிருப்பின், பிறபொருளெதிரிகளை ஆக்கும் குழியங்களும் பிறவுமாகப் பெரும்படையே முரசினுள் திரளுகின்றது. அப்படை பொழியும் நொதியங்கள் நுண்ணங்கியையன்றி நம் நார்களையுங் கரைக்கின்றன. அது விடுக்கும் இரசாயனச் செய்திகளோ என்பை அரிக்குங் கலங்களை எழுப்பிவிடுகின்றன. பல்லின் அத்திவாரம் ஆட்டங்காண்பது இவ்வாறுதான்.

நோர்வே நாட்டவரான ஹறால்ட் லோ என்பார், 1965இல் டென்மார்க்கிலே பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். மூன்று வாரத்துள் அனைவருக்கும் முரசு அழன்றது; மீண்டும் துலக்க, ஆறியது. அவரும் அவர்தம் குழுவினரும் 1970இல் நம் நாட்டு மலையகத்துக்கு வந்தனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளராகிய ஆடவர் 480 பேரை 1985 வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் பற்சிகிச்சை எட்டப்பெறாதவர்கள். எல்லார் பல்லிலும் அழுக்கு. எல்லார் முரசிலும் அழற்சி. எனினும் நூற்றுக்கு 8 பேரிடத்தே நோய் விரைந்து பரவியது. 81 பேரிடத்தே மெல்லப் பரவியது. 11 பேரிடத்தே முரசழற்சிக்கு அப்பாற் செல்லவேயில்லை. அழுக்கு ஒன்றாயிருக்க அழிவு வேறுபட்டமையால், ஒவ்வொருவர் உடலும் தன் காவற்படையை நடத்தும் வகையிலும் காரணத்தைத் தேட நேர்ந்தது. உலகெங்கும் பல்வைத்திய மாணவர் கற்கும் இப்பாடம் நம் தோட்டத்து உழைப்பாளரின் வாயிலிருந்து பெறப்பட்டது. அவர்களுக்கு அக்காலத்திலே ஒரு பற்றூரிகைதானும் எட்டவில்லை என்பதை எண்ணாது, அதனை ஓர் ஆசிரியனாகிய என்னாற் படிக்க இயலவில்லை.

பல் துலக்குகையில் இரத்தங் கண்டால், அவ்விடத்தைத் தொடாது விடுவோர் பலர். அது தவறு. இரத்தம், படை திரண்டமைக்கு அறிகுறி. அழுக்கை மெல்ல நீக்கினாற் படை கலையும். அந்நிலையில் முரசு முற்றாக மீளும். கரைந்த என்போ தானாக மீளாது. புகைப்போர்க்கு இன்னோர் இடருண்டு: புகையினால் முரசில் இரத்தக் கசிவு குறைந்து, உள்ளே என்பு கரையும்போதும் அவ்வறிகுறி வெளித்தோன்றாது போகின்றது.