படத்தின் பின்பக்கம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் இருக்கும் பழைய போட்டோ ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கொண்டு வந்திருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறோம். பின்னால் வைகை அணையின் சுவர். 1978-ம் வருஷம், காணும் பொங்கல் அன்று எடுத்தது.

நாங்கள் எட்டுப் பேரும் மதுரையில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஏழு மணி பேட்ச். எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. கூட ஒரு ஆண் இல்லாமல் பெண் பிள்ளைகள் வெளியூர் போவது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். ஒருத்தியின் அத்தை, "நான் கூடப் போகிறேன்" என்று சொன்ன பிறகுதான் எட்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும், அதுதான் நிபந்தனை.

மதுரையிலிருந்து போடி வண்டியில் போனோம். 1928-ல் திறந்த பாதை அது. அப்போது மீட்டர் கேஜ், நீராவி இன்ஜின். உசிலம்பட்டி தாண்டி மலைக்கணவாயில் ஏறும்போது வண்டி முக்கி முனகிக்கொண்டு போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கண்ணில் கரித்தூள் விழும். ஆனாலும் ஜன்னல் சீட்டுக்குத்தான் சண்டை. ஆண்டிப்பட்டியில் இறங்கி அணைக்குப் பஸ் பிடித்தோம். 2010 கடைசியில் அந்தப் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தினார்கள். 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை அதில் போய்ப் பாருங்கள். 

வைகை அணை 1959-ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்தது. உயரம் 111 அடி; 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். மதுரையில் நாங்கள் தினமும் பார்த்த வைகை பெரும்பாலும் மணல்தான். அதே ஆற்றை நிறைந்த தண்ணீராகப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பூங்காவில் உட்கார்ந்து புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். தரைப்பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எத்தனை தடவை நடந்தோம் என்று கணக்கில்லை. அத்தை மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

பூங்காவில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோக்காரர் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கேயே காசு கொடுத்து விலாசம் எழுதிக் கொடுத்தால் படம் தபாலில் வரும். எங்களிடம் இருந்த சில்லறையைச் சேர்த்தால் ஒரு பிரதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. பணம் போய்விட்டது என்று நினைத்திருந்தோம். மூன்று வாரம் கழித்து இன்ஸ்டிட்யூட் விலாசத்துக்குப் படம் வந்து சேர்ந்தது.

எட்டுப் பேர், ஒரே படம். என்ன செய்வது? ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். படம் ஆளுக்கு ஒரு மாதம் என்று சுற்றி வரும். கல்யாணம் ஆகிப் போகிறவள் படத்தின் பின்பக்கத்தில் தன் பெயரையும் போகிற ஊரையும் எழுதிவிட்டு, மீதி இருப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் கல்யாணம் ஆகிறவளுக்குப் படம் சொந்தம்.

அப்படித்தான் அது என்னிடம் இருக்கிறது. 1983 வரைக்கும் எனக்கு வரன் அமையவில்லை. அப்போது அது வீட்டில் பெரிய கவலை. ஆனால் இந்தப் படம் எனக்குக் கிடைத்ததும் அதனால்தான்.

பின்பக்கத்தைப் பாருங்கள். ஏழு கையெழுத்து, ஏழு ஊர். விருதுநகர், பம்பாய், ஈரோடு என்று போகிறது. பெயர் என்று எழுதியிருப்பதெல்லாம் நாங்கள் கூப்பிட்ட பட்டப்பெயர்கள். இன்ஷியல் இல்லை, அப்பா பெயர் இல்லை, மாப்பிள்ளை பெயரும் இல்லை. இருபது வயதில் எட்டுப் பேரும் என்றைக்கும் தொடர்பில் இருப்போம் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தேன். நான்கு பேர் கிடைத்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோம். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அதில் ஒருத்தியின் மகனுக்கு இந்தப் படத்தை அனுப்பினேன். அவர் சொன்னார்: "ஆன்ட்டி, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த அம்மா படம் எங்க வீட்டில ஒண்ணுகூட இல்லை. அம்மா இப்படிச் சிரிப்பாங்கன்னே எனக்குத் தெரியாது." அதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

மீதி ஒருத்தி. "ஒல்லி, மெட்ராஸ்" என்று எழுதியிருக்கிறாள். இத்தனை பெரிய ஊரில், இந்த வயதில், ஒல்லி என்று யாரைப் போய்க் கேட்பது? ஆண்களுக்கு அப்பா பெயரின் இன்ஷியல் கடைசி வரைக்கும் கூடவே வருகிறது. பள்ளிக்கூட நண்பனைப் பெயரை வைத்தே தேடிவிடலாம். எங்கள் தலைமுறைப் பெண்களுக்குக் கல்யாணத்தோடு இன்ஷியல் மாறியது, ஊர் மாறியது, சில வீடுகளில் பெயரே மாறியது. பழைய பெயரைத் தெரிந்தவர்கள் போய்விட்டால் தேடுவதற்கு ஒரு நூல்கூட மிஞ்சுவதில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படிப் படங்கள் இருக்கும். அதில் நிற்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர் இன்று உங்கள் வீட்டில் இருக்கிறார். அவர் அம்மாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அவர் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். முழுப்பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், கல்யாணம் ஆகிப் போன ஊர், எடுத்த இடம், வருஷம். இவ்வளவு இருந்தால் போதும்.

எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. நன்றாக வைத்திருந்தால் நெடுநாள் நிற்கும். கலர்ப் படத்தில் இருப்பது சாயம், அது வெளுக்கும். அதனால் 1970, 80களின் கலர்ப் படங்களை முதலில் கவனியுங்கள். பசை தடவிய தாளில் பிளாஸ்டிக் மூடிய ஆல்பத்தில் இருந்தால், படம் வருகிற வரைக்கும் மெதுவாக எடுங்கள். ஒட்டிப் பிடித்திருந்தால் பிய்க்காமல் அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பு விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. பின்பக்கத்தையும் படம் எடுக்க மறக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். போனை நன்றாகக் கையாளத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பெரியவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். பென்சில் நான் கொண்டு வருகிறேன்.