பெட்டி போனது, ஆள் போகவில்லை
(கோடியக்கரையில் பேசியது)

தோழர்களே, முன்பு டெண்டர் பெட்டி வாசலில் ஆள் நிற்பான்; சேரிக்காரன் கவர் உள்ளே விழாது. இப்போ பெட்டி கம்ப்யூட்டருக்குள் போயிடுச்சு. 'இனி யாரு மறிப்பா?'ன்னு கேக்குறாங்க.

நான் வங்கிக் குமாஸ்தா. மறிக்கிறவன் எங்கள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறான். பெரிய வேலை கிடைத்தால் வங்கி உத்தரவாதம் வேண்டும்; அதற்கு நாங்கள் அடமானம் கேட்போம். இங்கே உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவனிடம் ஏது பட்டா?

2012 மத்திய ஆணை சிறு, குறுந்தொழிலுக்கு டெண்டர் டெபாசிட்டைத் தள்ளியது. கொள்முதலில் 4 சதவீதம் தலித், பழங்குடி நிறுவனங்களுக்கென்றது. அது மத்திய துறைகளை, பொதுத்துறை நிறுவனங்களை மட்டுமே கட்டும். கர்நாடகம் 2017-இல் 50 லட்சம் வரையிலான வேலைகளில் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. நமது 1998 டெண்டர் சட்டத்தின் பெயரிலேயே வெளிப்படைத்தன்மை இருக்கு. கண்ணாடி வழியா சோறு தெரிஞ்சா பசி ஆறுமா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: போன வருஷம் இந்த ஒன்றியத்தில் எத்தனை டெண்டர்? நம்மாளுக்கு எத்தனை?