டப்பா அலம்பி வந்த இருபத்திரண்டு நாட்கள்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு மாமா என்னைத் தனியே அழைத்து, "பையனுக்கு குருகிராமில் வேலை போயிடுத்து, யாரிடமும் சொல்லிடாதேங்கோ" என்றார். சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மனதை விட்டுப் போகவேயில்லை. அதனால்தான் காரியதரிசியிடம் இன்று கால் மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2009 ஜனவரி. அதற்கு முந்தைய செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் நூற்றுக்கணக்கான பேரை ஒரே நாளில் நீக்கி, கூச்சல் எழுந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டது. (அந்த விமானக் கம்பெனியே 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திவிட்டது, அது வேறு கதை.) ஜனவரி 7-ந் தேதி சத்யம் கணக்கு மோசடி வெளியாயிற்று. நான் கன்னாட் பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு மேனேஜர். வயது 49, சர்வீஸ் 19 வருஷம். அலுவலகத்தில் சத்யம் பற்றி மணிக்கணக்கில் வியாக்யானம் செய்துகொண்டிருந்தேன். கனுவன்று காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டேன்.

என் முன்னால் வைத்த காகிதம் நீக்க உத்தரவு இல்லை. நானே எழுதிக் கொடுப்பது போன்ற ராஜினாமாக் கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. படிக்காமலே போட்டேன். ஊரார் வவுச்சரையெல்லாம் மூன்று தடவை படித்துப் பார்க்கிறவன் நான்.

அகத்தில் சொல்லவில்லை. மறுநாள் எட்டேகால் மணிக்கு வழக்கம்போல் டிபன் டப்பாவோடு மயூர் விஹாரிலிருந்து பஸ் ஏறினேன். மெட்ரோ அங்கே வந்தது அந்த வருஷம் நவம்பரில்தான். லோதி தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஜனவரிப் பனியில் பத்து மணி வரை எதிரே இருக்கும் கும்மட்டம்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது நடக்க வந்துவிட்டால் என்று பயம் வந்ததும் இடத்தை மாற்றினேன். ஆர்.கே.புரம் மலை மந்திரில் ஸ்வாமி தரிசனம் செய்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. அங்கே குருக்கள் "இன்று லீவா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அதற்கப்புறம் அங்கும் போகவில்லை.

இருபத்திரண்டாம் நாள் இரவு என் மனைவி சமையலறையிலிருந்தபடியே கேட்டாள்: "ஏன்னா, மூணு வாரமா டப்பா அலம்பி வர்றதே? ஆபீஸில் நீங்க ஒருநாளும் அலம்பினதில்லையே?"

தோட்டத்துக் குழாயில் பொழுது போகாமல் அலம்பியிருக்கிறேன். அவ்வளவுதான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "நாளைக்கு ஆத்திலேயே சாப்பிடுங்கோ, சூடா இருக்கும்" என்றாள்.

அந்தச் சமயம் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தி ஓரிடம் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணம் முடியும்வரை மறைத்துவிடலாம் என்பது என் கட்சி. "அப்புறம் தெரிஞ்சா யார் முகத்தில் முழிக்கறது?" என்று அவளே போன் செய்து சொல்லிவிட்டாள். "கலந்துண்டு சொல்றோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேறிடத்தில் ஆயிற்று, க்ஷேமமாக இருக்கிறாள். ஆனால் அந்த வாரம் அவள் என் முகத்தைப் பார்க்காமலே காபி கொண்டுவந்து வைத்ததை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1996-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவினால் தில்லியில் அபாயகரமான 168 தொழிற்சாலைகள் நவம்பர் 30-க்குள் மூட வேண்டி வந்ததே, ஞாபகமிருக்கும். சப்ஜி மண்டி பக்கம் பிர்லா மில்லும் அதில் சேர்த்தி. காலையில் பேப்பரைப் படித்துவிட்டு, "நல்ல காற்று வரும்" என்று சொன்னவன் நான். தறியில் நின்றவர்கள் அடுத்த நாள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. லோதி தோட்டத்தில்தான் தோன்றிற்று.

இப்போது காரியத்துக்கு வருகிறேன், இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துச் சொல்கிறேன் என்று கேளுங்கள். 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான். மேனேஜர் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்ட என் போன்றவர்களுக்கு நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கதி. எனக்கு மூன்று மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கிடைத்தன. கிராஜுவிட்டிக்கு அன்று உச்சவரம்பு 3.5 லட்சம், 2018-லிருந்து 20 லட்சம்.

பணத்தைவிட என்னை உலுக்கியது வேறு. ஏப்ரலில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் கவுண்டரில் பழைய கம்பெனியின் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போன அன்றே அதுவும் போய்விட்டது என்பது கணக்குப் பிரிவு மேனேஜருக்கே உறைக்கவில்லை! இப்போது கம்பெனிக் குழுக் காப்பீட்டிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வேலையை விட்டு வெளியே வருமுன்பே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

பதினான்கு மாதம் கழித்து, முன் வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு நொய்டாவில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அந்த இடத்தைச் சொன்னவர் நம் சங்க உறுப்பினர்தான். நான்கு வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருந்தவர். முதல் மாதமே அவரிடம் வாய் திறந்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் இரண்டே. நமது பத்திரிகையின் வரன் பக்கத்தில் தகப்பனார் உத்தியோகம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அடுத்து, வேலை போனவர்கள் பெயர் வெளியே தெரியாமல் வந்து பேச மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த ஹாலைத் திறந்து வையுங்கள். காபிச் செலவு என்னுடையது.

அந்த மாமாவின் பையன் இன்று கூட்டத்துக்கு வரவில்லை. வருவானென்று நினைத்தேன். என் போன் நம்பர் காரியதரிசியிடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேலும் எடுப்பேன்.